அனுமதி பெற்ற நினைவும் அனுமதி இல்லாத நினைவும்
பெலாருஸிய எழுத்துகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

வின்சென்ட் டுனின்-மார்ட்சின்கேவிச் என்ற பெலாருஸியக் கவிஞர் 1884இல் காலமானவர். நவீன பெலாருஸிய இலக்கியத்தைத் தொடக்கி வைத்தவர்களுள் ஒருவராக அந்நாட்டில் போற்றப்படுபவர். 2023இல் அந்நாட்டு நீதிமன்றமொன்று அவருடைய இரண்டு கவிதைகளைத் 'தீவிரவாதப் பிரதிகள்' எனத் தீர்த்தது. கவிதைகள் ஸார் ஆட்சிக்கெதிரான 1863 எழுச்சியை ஒட்டிய காலத்தவை. ஸாரும் இல்லை, எழுச்சி செய்தவர்களும் இல்லை, கவிஞரும் இல்லை. ஆயினும் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர் ஓர் அரசு அந்த வரிகளுக்கு முன்னால் அமைதியிழக்கிறது. இச்செய்தியைப் படித்த நாளிலிருந்துதான் பெலாருஸிய எழுத்துகளை ஓர் ஒழுங்கில் வாசிக்கத் தொடங்கினேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு பெலாருஸிய மொழி தெரியாது. மொழிபெயர்ப்புகள் வழியாகவும், அந்த இலக்கியம் பற்றி எழுதப்பட்டவை வழியாகவும்தான் இவர்களை அறிந்திருக்கிறேன். கவிதையை இப்படி இரவல் கண்ணால் மதிப்பிடுவது ஆபத்தானது. ஆகவே உரைநடை பற்றியே இங்கு கூடுதலாகப் பேசுகிறேன்.

ஒடுக்குமுறை, நினைவு, எதிர்ப்பு என்ற மூன்று சொற்களும் சேர்ந்து வந்தாலே நம் மனதில் ஒரு சித்திரம் எழுந்துவிடுகிறது: அரசு மறக்கச் சொல்கிறது, எழுத்தாளன் நினைவூட்டுகிறான். பெலாருஸின் நிலைமை இவ்வளவு நேரானதன்று. அங்கே அரசும் இடைவிடாது நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அந்நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு அழிந்தது. 1943 மார்ச் 22இல் ஹத்தின் கிராமத்து மக்களை ஒரு களஞ்சியத்துக்குள் அடைத்து எரித்தார்கள். இறந்த 149 பேரில் 75 பேர் குழந்தைகள். 1969இல் அங்கே எழுப்பப்பட்ட நினைவகத்துக்குப் பாடசாலைப் பிள்ளைகள் வரிசை வரிசையாக அழைத்துச் செல்லப்பட்டார்கள். 1996 சர்வசன வாக்கெடுப்பின் பின்னர் நாட்டின் சுதந்திர தினமே 1944இல் ஜேர்மானியரிடமிருந்து மின்ஸ்க் மீட்கப்பட்ட நாளான ஜூலை 3க்கு மாற்றப்பட்டது. இப்படியொரு தேசத்தில் நினைவுக்கு என்ன பஞ்சம்?

ஆனால் அந்த நினைவுக்கு ஒரு வேலி உண்டு. ஹத்தினை எரித்த துணைப்படையில் சோவியத் பிரஜைகளும் இருந்தார்கள் என்பது நெடுங்காலம் பேசப்படவில்லை. அவர்களுள் ஒருவன் 1986இல் மின்ஸ்கில் விசாரிக்கப்பட்டபோதும் வழக்கு ஊரறிய நடக்கவில்லை. வேலிக்கு வெளியே இருந்த இன்னோர் இடம் குரபாத்தி. மின்ஸ்க் நகரின் ஓரத்திலுள்ள பைன் மரக் காடு அது. 1937க்கும் 1941க்கும் இடையில் ஸ்டாலினின் இரகசியப் பொலிஸ் சுட்டுக் கொன்றவர்களை அங்குதான் புதைத்தது. 1988 ஜூனில் ஸியானொன் பஸ்னியாக்கும் யௌஹென் ஷ்மிஹலியோவும் 'இலக்கியமும் கலையும்' என்ற வாரப் பத்திரிகையில் எழுதிய கட்டுரையோடுதான் அந்தக் காடு வாய் திறந்தது. கொல்லப்பட்டோர் தொகை பற்றிய மதிப்பீடுகள் ஏழாயிரத்திலிருந்து இரண்டரை இலட்சம் வரை வேறுபடுகின்றன. இந்த வேறுபாடே ஒரு சாட்சியம்தான். முறையாக எண்ணிப் பார்க்க எவரையும் விடவில்லை என்பதற்கு. 2019 ஏப்ரலில் மக்கள் தாமாக நட்டிருந்த எழுபதளவிலான சிலுவைகளை அரச ஆட்கள் வந்து பிடுங்கிச் சென்றார்கள். ஹத்தினில் மலர்வளையம் வைக்கும் அதே அரசு.

ஆகவே பெலாருஸிய எழுத்தாளனுக்கு மறதி ஓர் எதிராளி என்றால், அரசின் ஞாபகசக்தி இன்னோர் எதிராளி. இரண்டாவது எதிராளியை எதிர்கொள்வதே கடினம். ஏனெனில் அது சொல்வதில் பெரும்பகுதி உண்மை. வஸீல் பீக்கவ் என்ற நாவலாசிரியர் பெரியவராக எனக்குப் படுவது இந்தச் சிக்கலை அவர் தம் கதைகளுக்குள்ளேயே கொண்டுவந்தார் என்பதனால்தான். (ரஷ்ய வழியாக வந்த மொழிபெயர்ப்புகளில் அவர் 'வஸீலி பீக்கொவ்' ஆகிவிட்டார். பெயரிலேயே தொடங்கிவிடுகிறது பிரச்சினை.)

பீக்கவ் போர்முனையில் நின்றவர். போரைப் பற்றித்தான் வாழ்நாள் முழுவதும் எழுதினார். மேலோட்டமாகப் பார்த்தால் அரசு விரும்பிய பொருள்தான். ஆனால் 1965இல் வெளிவந்த 'இறந்தவர்களுக்கு வலிப்பதில்லை' என்ற கதையில், சொந்தப் படைக்குள்ளேயே சிப்பாய்களை வேட்டையாடும் அதிகாரி ஒருவன் வருகிறான். இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் வெற்றிவிழா நாளில் அவனைப் போன்றவர்கள் நிம்மதியாக உலவுவதையும் கதை காட்டுகிறது. விமர்சகர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தப் படைப்பு நீண்ட காலம் நூலாக வெளிவரவில்லை.

1970இல் வந்த 'ஸொத்னிகவ்' அவருடைய புகழ்பெற்ற படைப்பு. லரிஸா ஷெபித்கோ இதனை 'ஏற்றம்' என்ற திரைப்படமாக்கி 1977இல் பேர்லின் விழாவில் தங்கக் கரடி விருது பெற்றார். கதை எளியது. பனிக்காலத்தில் இரண்டு கெரில்லாக்கள் தம் குழுவுக்கு உணவு தேடிப் புறப்படுகிறார்கள். ஸொத்னிகவ் காய்ச்சலும் இருமலுமாக நடக்கிறான். ரிபாக் திடகாத்திரமானவன், கெட்டிக்காரன், நல்ல தோழனும் கூட. இருவரும் பிடிபடுகிறார்கள். அவர்களால் ஒரு தாயும், ஓர் ஊர்த்தலைவரும் மாட்டிக்கொள்கிறார்கள். சிறையில் ஒரு யூதச் சிறுமியும் சேர்கிறாள். காலையில் தூக்கு. ரிபாக் உயிர்பிழைக்க வழி தேடுகிறான். முதலில் தந்திரமாக, பின்னர் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, பின்னர் இன்னும் கொஞ்சம். கடைசியில் தூக்குமேடையில் ஸொத்னிகவின் காலடியிலிருந்த மரக்குற்றியை அகற்றுவது அவன்தான்.

இக்கதையை வாசிக்கும் பலர் ஸொத்னிகவைப் பற்றியே பேசுவார்கள். சாவின் விளிம்பில் கூட்டத்துக்குள் நிற்கும் ஒரு சிறுவனின் கண்களை அவன் தேடுகின்ற இடம் உருக்கமானதுதான். ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தவன் ரிபாக். அவன் பிறவித் துரோகி அல்லன். எந்தக் கணத்திலும் "இனி நான் காட்டிக்கொடுக்கப் போகிறேன்" என்று அவன் தீர்மானிப்பதில்லை. சிறிய சிறிய நியாயங்கள்தான் அவனை மேடைவரை நடத்திச் செல்கின்றன. எல்லாம் முடிந்தபின் தன்னையே மாய்த்துக்கொள்ள நினைக்கிறான். இடுப்பில் பட்டி இல்லை. முன்னரே பறித்துவிட்டார்கள். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஜேர்மானியருக்குக் கீழே ஊர்த்தலைவராயிருந்த முதியவரைத்தான் கதையின் தொடக்கத்தில் நாம் துரோகியென்று எண்ணுகிறோம். அவரோ வாய் திறவாமல் தூக்குக்குப் போகிறார். பதவியையும் சீருடையையும் வைத்து மனிதனை அளக்கப் பழகிய அரச நினைவுக்கு இதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது. நம்மிடையே எதிர்ப்பிலக்கியம் என்றதும் ஒரு கோஷத்தை எதிர்பார்க்கப் பழகிவிட்டோம். பீக்கவிடம் கோஷமே இல்லை. உன்னை அந்த இடத்தில் நிறுத்தினால் நீ யார் என்று மட்டுமே கேட்கிறார்.

1982இல் எழுதிய 'கேட்டின் குறி'யில் அவர் இன்னும் ஓரடி முன்னே போகிறார். பெத்ரோக், ஸ்தெபனிதா என்ற வயதான குடியானவத் தம்பதியின் முற்றத்தில் ஜேர்மானியர் வந்து தங்குகிறார்கள். அவர்களுக்குச் சேவகம் செய்யும் பொலிஸ்காரர்களோ உள்ளூர்ப் பொடியன்கள். இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே நாவல் பின்னோக்கிச் செல்கிறது. 1930களின் கூட்டுப்பண்ணைக் காலத்தில், ஊரே தன் அயலவனைக் கைகாட்டிப் பழகிய நாள்களில் போய் நிற்கிறது. ஆக்கிரமிப்பாளன் வருமுன்னரே ஊர் உடைந்திருந்தது என்பதுதான் அதன் பொருள். விந்தை என்னவென்றால் இந்நாவலுக்கு 1986இல் லெனின் பரிசும் கிடைத்தது. பரிசு கொடுத்தவர்கள் நாவலின் பிற்பாதியை மட்டும் வாசித்தார்களோ என்று எனக்கொரு சந்தேகம்.

ஆயினும் 1980களின் பிற்பகுதியில் வந்த 'அப்லாவா'வையே பீக்கவின் உச்சம் என்பேன். சொல்லின் பொருள் சுற்றிவளைப்பு, வேட்டை. ஹ்வெதர் ரொவ்பா சாதாரணக் குடியானவன். புரட்சி அரசு கொடுத்த நிலத்தில் பாடுபட்டு ஒரு சூடடிக்கும் இயந்திரம் வாங்குகிறான். அதுவே அவனுக்கு வினையாகிறது. 'குலாக்' என்று முத்திரை குத்தி, குடும்பத்தோடு வடக்கே நாடுகடத்துகிறார்கள். மனைவியும் மகளும் அங்கேயே மடிகிறார்கள். தப்பியோடி வரும் ரொவ்பாவிடம் பழிவாங்கும் எண்ணமில்லை, திட்டமுமில்லை. பிறந்த மண்ணை ஒருதரம் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். ஊரார் காண்கிறார்கள். செய்தி போகிறது. ஊரே திரண்டு காட்டைச் சுற்றி வளைக்கிறது. துரத்துபவர்களுள் அவனுடைய சொந்த மகனும் இருக்கிறான். கட்சிக்கு விசுவாசமாகி மேலேறிய மகன். ரொவ்பாவுக்கு மிஞ்சுவது சதுப்புநிலம் ஒன்றுதான். இக்கதையில் ஒரு ஜேர்மானியன் கூட இல்லை. வெளியாள் எவனும் இல்லை. ஒரு கிராமம் தன் மனிதன் ஒருவனைச் சதுப்புக்குள் துரத்துகிறது. வாசிக்கும்போது வேறு ஊர்களின் பெயர்களும் மனதில் எழுந்தன. அந்த ஒப்பீட்டை நான் செய்யப்போவதில்லை. வாசகர் அவரவர் ஊரை நினைத்துக்கொள்ளட்டும்.

1998இல் பீக்கவ் நாட்டைவிட்டு வெளியேறினார். பின்லாந்து, ஜேர்மனி, செக் என்று அலைந்து, நோயோடு ஊர் திரும்பி 2003 ஜூன் 22இல் மின்ஸ்க் அருகே இறந்தார். 1941இல் ஜேர்மன் படைகள் நுழைந்ததும் ஒரு ஜூன் 22இல்தான்.

பீக்கவ் புனைவால் செய்ததை அலெஸ் அதமோவிச் ஒலிப்பதிவுக் கருவியால் செய்தார். 1970களின் தொடக்கத்தில் அவரும் யாங்கா பிரீலும் உலாத்ஸிமிர் கலெஸ்னிக்கும் எரிக்கப்பட்ட கிராமங்களில் தப்பிப் பிழைத்தவர்களைத் தேடித் திரிந்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டோரின் வாய்மொழி 1975இல் 'நான் நெருப்புக் கிராமத்திலிருந்து வருகிறேன்' என்ற நூலாயிற்று. பேசுபவர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள். அவர்கள் வீரம் பேசவில்லை. அடுப்பில் என்ன இருந்தது, பிள்ளைக்கு என்ன உடுத்தியிருந்தேன், எந்தப் பக்கமாக ஓடினேன் என்று சொல்கிறார்கள். ஹத்தின் நினைவகத்தில் அந்தக் கிராமம் பளிங்கும் கொங்கிரீட்டுமாக உறைந்துவிட்டது. இந்நூலில் அதற்கு இன்னும் மூச்சு இருக்கிறது. இந்த அனுபவத்திலிருந்துதான் 1985இல் எலெம் கிளிமொவின் 'வந்து பார்' திரைப்படமும் பிறந்தது. அதமோவிச்சே அதற்குத் திரைக்கதை எழுதினார்.

இதே வழியில் வந்தவர் ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச். அதமோவிச்சைத் தம் ஆசான் என்று பகிரங்கமாகச் சொல்பவர். 2015இல் நோபல் பரிசு பெற்றதால் அவரைப் பற்றி நான் விரிவாகச் சொல்லத் தேவையில்லை. 'போருக்குப் பெண்முகமில்லை'யும் செர்னோபில் பற்றிய நூலும் எவரையும் உலுக்கும். ஆனால் எனக்கொரு குறை உண்டு. அவருடைய நூல்களில் பேசும் நூறு பேரும் சில இடங்களில் ஒரே குரலில் பேசுவதாகத் தோன்றுகிறது. அழுகை எப்போது வரும், மௌனம் எப்போது வரும் என்று ஓர் இசைக்கோவைபோல அமைந்துவிடுகிறது. அதமோவிச்சின் கிழவிகள் திக்கித் திணறுகிறார்கள், கதையை விட்டு வேறெங்கோ போகிறார்கள், திரும்பி வருகிறார்கள். அந்தக் கரடுமுரடுதான் சாட்சியத்தின் உடம்பு. ஆப்கான் போர் பற்றிய 'துத்தநாகப் பையன்கள்' நூலுக்காக 1990களின் தொடக்கத்தில் அலெக்ஸியேவிச்மீது மின்ஸ்கில் வழக்குத் தொடுக்கப்பட்டது. தொடுத்தவர்களுள் நூலில் பேசிய தாய் ஒருத்தியும் இருந்தாள். அந்த வழக்கின் பின்னால் அதிகாரத்தின் கை இருந்திருக்கலாம். ஆனாலும் தன் மகனின் மரணத்தை வேறொருவர் எழுத்தில் கண்ட தாயின் கலக்கத்தை அதைச் சொல்லித் தள்ளிவிட முடியாது. அந்த வழக்கின் ஆவணங்களைப் பிற்காலப் பதிப்புகளில் நூலுக்குள்ளேயே சேர்த்தது அலெக்ஸியேவிச்சின் நேர்மை.

அவர் எழுதுவது ரஷ்ய மொழியில். இதற்காக அவரைக் குறை கூறும் பெலாருஸியர் உண்டு. இங்கே மொழியைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. 1920களில் சோவியத் பெலாருஸில் பெலாருஸியம், ரஷ்யம், இத்திஷ், போலிஷ் ஆகிய நான்கும் அரச மொழிகளாக இருந்தன. 1937 ஒக்டோபர் 29 இரவு மின்ஸ்க் சிறையில் நூற்றுக்கும் மேற்பட்ட அறிவாளிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் எழுத்தாளர்கள். அலெஸ் துதார், மிஹாஸ் சாரொத் போன்ற பெலாருஸியக் கவிஞர்களோடு, மின்ஸ்க் முற்றமொன்றின் யூதக் குடும்பத்தை இத்திஷ் மொழியில் நையாண்டியும் பாசமுமாக எழுதிய மொய்ஷே குல்பாக்கும் அந்த இரவில் போனார். ஒரே இரவில் இரண்டு மொழிகளின் ஒரு தலைமுறை. பிழைத்தவர்களும் தப்பிவிடவில்லை. தேசிய கவி யாங்கா குபாலா 1942 ஜூனில் மொஸ்கோ ஹோட்டலொன்றின் படிக்கட்டு வழியே விழுந்து இறந்தார். எப்படி விழுந்தார் என்பது இன்றுவரை கேள்விதான். ஒவ்வொரு ஆட்சி மாறும்போதும் தன்னையும் மாற்றிக்கொள்ளும் சிற்றெழுத்தன் ஒருவனைப் பற்றி 1922இல் அவர் எழுதிய 'உள்ளூர்வாசிகள்' நாடகம் மேடையேறிச் சிறிது காலத்திலேயே தடைப்பட்டது. இரு தரப்பு அறிஞர்களையும் கேலி செய்த குற்றத்துக்காக.

கவிஞர் லரிஸா ஹெனியூஷ் இன்னொரு விதம். பிராகில் வாழ்ந்தவரை 1948இல் பிடித்துக் கொண்டுவந்து 25 ஆண்டு முகாம் தண்டனை விதித்தார்கள். அங்கே தாளில்லை; சக கைதிகள் அவர் கவிதைகளை மனனம் செய்து காப்பாற்றினார்கள். ஹாபிழ்கள் குர்ஆனை நெஞ்சில் சுமப்பதை அறிந்த நமக்கு இது புரியாத காரியமல்ல. 1956இல் விடுதலையானார். 1983இல் சாகும்வரை சோவியத் பிரஜாவுரிமையை ஏற்கவேயில்லை. ஸெல்வா என்ற சிற்றூரில் நாடற்றவராகவே இருந்து முடித்தார்.

மொழி பற்றிய இந்தக் கதையில் இச்சஞ்சிகையின் வாசகர்கள் அறியவேண்டிய ஓர் அத்தியாயமும் உண்டு. பதினான்காம் நூற்றாண்டிலிருந்து லித்துவேனியப் பெருங்கோமகன்களின் நாட்டில் குடியேறிய தாத்தார் முஸ்லிம்கள் காலப்போக்கில் தம் துருக்கிய மொழியை இழந்தார்கள். மார்க்கத்தை இழக்கவில்லை. நபிமார் கதைகளையும் துஆக்களையும் தொழுகை விதிகளையும் அயலவர் பேசிய பெலாருஸிய மொழியில், அறபு எழுத்தில் எழுதிவைத்தார்கள். அவற்றுக்குப் பெயரும் 'கிதாப்'தான். அறபில் இல்லாத ஒலிகளுக்காக எழுத்துகளைத் திருத்தியமைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் அறபுத் தமிழ் கிதாபுகள் ஓதப்பட்ட வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1915இல் இவான் லுத்ஸ்கேவிச் வில்னியஸுக்கு அருகிலுள்ள தாத்தார் கிராமமொன்றில் அப்படியொரு கிதாபைக் கண்டெடுத்தபோது பெலாருஸிய அறிஞர்கள் வியந்து போனார்கள். 1696இல் நாட்டின் அலுவலக மொழியாகப் போலிஷ் வந்துவிட்டது. பெலாருஸியம் ஏட்டிலிருந்து விரட்டப்பட்ட அக்காலத்தில் கிதாப் எழுதியவர்கள் அதை எழுதிக்கொண்டேயிருந்தார்கள். கிறிஸ்தவ எழுத்து மரபின் பழக்கங்கள் அவர்களுக்கு இல்லாததால் வாயில் வந்த ஒலி வந்தபடியே பதிவாயிற்று. பழைய பேச்சொலியை ஆராய்பவர்கள் இன்றும் கிதாபுகளிடம் போகிறார்கள். அவர்கள் எதிர்ப்பென்று எதையும் நினைத்து எழுதவில்லை. பிள்ளைகளுக்கு மார்க்கம் விளங்கவேண்டும் என்று எழுதினார்கள்.

1995 வாக்கெடுப்பில் ரஷ்யமும் அரச மொழியாயிற்று. 2019 குடிசன மதிப்பீட்டில் வீட்டில் பெலாருஸியம் பேசுவதாகச் சொன்னவர்கள் 26 வீதத்தினர். 2020 தேர்தலுக்குப் பின்னரான போராட்டங்கள் அடக்கப்பட்ட கதை தெரிந்ததே. அதைத் தொடர்ந்து 2021இல் பென் அமைப்பும் எழுத்தாளர் ஒன்றியமும் நீதிமன்றத்தால் கலைக்கப்பட்டன. மின்ஸ்கில் கவிஞர் மக்ஸீம் பஹ்தனோவிச்சின் நூதனசாலையை ஒருகாலத்தில் நடத்தியவரும் இலக்கிய ஆய்வாளருமான அலெஸ் பியலியாத்ஸ்கி, சிறையிலிருந்தபடியே 2022இல் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். 2025 டிசம்பரில்தான் விடுதலையானார். சட்டத்தரணி மக்ஸீம் ஸ்னாக் சிறைக்குள் எழுதிய 'ஸெகமெரொன்' நூறு சிறு துண்டுகளாலானது. சிறையைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார். அந்தச் சிரிப்பில் எனக்கு அதமோவிச்சின் கிழவிகள் கேட்டார்கள்.

இளையவர்களுள் அல்ஹெர்த் பஹரேவிச் என்னைக் கவர்கிறார். 2017இல் வெளியான அவருடைய 'ஐரோப்பாவின் நாய்கள்' நாவலில் ஒருவன் தனக்கென்று 'பல்புத்தா' என்று ஒரு மொழியையே இட்டுக்கட்டுகிறான். எந்த அரசுக்கும் சொந்தமில்லாத மொழி. நாவல் மிக நீளம். சில பகுதிகள் தம்மைத் தாமே இரசித்துக்கொள்கின்றன. 2022இல் அது பெலாருஸில் தீவிரவாத நூலாக அறிவிக்கப்பட்டது. அதன் ஜேர்மன் மொழிபெயர்ப்புக்காக 2025இல் லைப்ஸிக் நகரம் அவருக்கு ஐரோப்பியப் புரிந்துணர்வுக்கான விருதை வழங்கியது.

இவர்களுள் யாரைத் தமிழுக்கு முதலில் கொண்டுவரலாம் என்று ஒரு நண்பர் கேட்டார். விருது பெற்றவர்களை விட்டுவிடுங்கள், 'அப்லாவா'வை எடுங்கள் என்றேன். சிறிய நூல்தான். சதுப்புக்குள் கழுத்தளவு இறங்கிய ரொவ்பாவின் காதில் விழும் கூச்சல்கள் அவனுடைய ஊர்க்காரரின் குரல்கள். அந்தப் பக்கங்களை மொழிபெயர்ப்பவர் ஜேர்மன் அகராதியையோ ரஷ்ய அகராதியையோ புரட்ட வேண்டியதில்லை. தன் ஊரில் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுவார்கள் என்பது தெரிந்திருந்தால் போதும்.